பழைய ராட்டினக் குதிரையைச் சுத்தம் செய்யும் முறை

ஏப்ரல் வசந்தகாலத்தில் நுவரெலியாவுக்கு வரும் ராட்டினங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, பழைய ராட்டினத்தின் மரக்குதிரை ஒன்று கைக்குக் கிடைத்தால் உடனே புதுப் பெயின்ற் அடிக்கத் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தப் பழைய வண்ணமே அதன் பெறுமதி.

முதலில் அது மரம்தானா என்று பாருங்கள். வயிற்றின் அடியில் டோர்ச் அடித்தால், பலகைகளை ஒட்டிய கோடுகள் மரக்குதிரையில் தெரியும். ஃபைபர் கண்ணாடிக் குதிரையில் அச்சின் இரு பாதிகள் சேர்ந்த ஒரு கோடு மட்டுமே ஓடும். அடுத்து இரு பக்கங்களையும் ஒப்பிடுங்கள். பார்வையாளர் காணும் வெளிப்பக்கத்திலேயே சிற்பிகள் பூவேலையைச் செறிவாகச் செதுக்கினார்கள். மேலிருந்து பார்க்கையில் பிரித்தானிய ராட்டினம் வழமையாகக் கடிகாரத் திசையில் சுற்றுவதால் அதன் குதிரைக்கு இடப்பக்கமும், எதிர்த்திசையில் சுற்றும் அமெரிக்க ராட்டினத்தின் குதிரைக்கு வலப்பக்கமும் கூடுதல் அழகாக இருக்கும்.

தூக்கும்போது உடலையே அணைத்துத் தூக்குங்கள். உடல் பலகைகளால் பெட்டிபோல் கட்டிய கூடு. கால்கள் தனியாகச் செதுக்கி ஒட்டப்பட்டவை என்பதால் மூட்டில் எளிதில் கழன்றுவிடும். பின்னர் அடியில் கறுப்புத் தாள் விரித்துச் சில கிழமைகள் விடுங்கள். தாளில் புதிய மரத்தூள் உதிர்ந்திருந்தால் மரத்தை அரிக்கும் உளுப்புப் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது, எனவே குதிரையை மற்றத் தளபாடங்களிலிருந்து விலக்கி, மருந்திடத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

இனித்தான் சுத்தம் செய்தல். மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாகத் தூசியைத் தட்டுங்கள்; வண்ணம் செதிலாக எழும்பும் இடத்தைத் தொடவே வேண்டாம். குச்சியில் சுற்றிய பஞ்சை உமிழ்நீரில் சற்றே நனைத்து, வயிற்றின் மறைவான மூலையில் உருட்டிப் பாருங்கள். உமிழ்நீரிலுள்ள நொதிகள் பழைய அழுக்கை மெல்லக் கரைப்பதால் அருங்காட்சியகங்களிலும் இம்முறை கையாளப்படுகிறது. பஞ்சில் சாம்பல் நிறம் ஏறினால் அது அழுக்கு, தொடரலாம். சிவப்போ நீலமோ ஏறினால் உடனே நிறுத்த வேண்டும். தேய்க்காமல் உருட்டுங்கள், பஞ்சை அடிக்கடி மாற்றுங்கள். சவர்க்கார நீர் வேண்டாம்.

பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் சேன்ட் பேப்பரால் உரசுவதும் சூடுகாட்டி உரிப்பதும் ஆபத்து. பிள்ளைகளைத் தள்ளி வைத்து, வேலை முடிந்ததும் கைகளைக் கழுவுங்கள்.

நம் மலையகத்தில் ஈரமே பெரிய எதிரி. ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழையும் மூடுபனியும் மிகுதி. மரம் ஊதி, பின் காய்ந்து சுருங்கும்போது மூட்டுகள் வாய்திறக்கும், அதனால் ஜனவரி முதல் மார்ச் வரையான காலமே அங்கு இவ்வேலைக்கு ஏற்றது. குதிரையைச் சீமெந்துத் தரையில் நேரே வைக்காமல், மரக்கட்டைகளின்மேல், சுவரிலிருந்து விலக்கி, அடுப்பின் வெப்பம் படாத இடத்தில் நிறுத்துங்கள். பொலித்தீன் உறை ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துப் பூஞ்சணம் பூக்கச் செய்யும். மூடுவதற்குப் பருத்தித் துணியே போதும்.