மத்தியானம் ட்ரெயின், காலைல குளம்: கோயம்புத்தூர்ல மொத தடவை பறவை பாக்கப் போறவங்களுக்கு

ஊருக்குக் கெளம்பற அன்னிக்கு காலைல லாட்ஜ்ல போனை நோண்டிட்டே உக்காந்திருப்போம்ல, அந்த நாலு மணி நேரம் இருந்தா போதும்ங்க, கோயம்புத்தூர்ல ஒரு குளத்தை உருப்படியா பாத்துட்டு வந்துடலாம். ஒரு குளம்தான், மூணு இல்ல. நான் மொத தடவை உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் மூணையும் ஒரே காலைல முடிச்சிடலாம்னு ஆட்டோல அலைஞ்சு, எங்கயும் பத்து நிமிசம் சேந்தாப்ல நிக்காம, கடைசில ஸ்டேஷனுக்கு ஓடிப்போனா ட்ரெயினோட பின்பக்கத்தைத்தான் பாத்தேன். அன்னிக்கு எழுதின லிஸ்ட்ல இருந்தது ஆறே ஆறு பறவை, அதுல ஒண்ணு காக்கா.

ஸ்டெப் 1: முந்தின நாள் ராத்திரி

பையை ராத்திரியே கட்டி வச்சிருங்க. ரூமைக் காலி பண்ணணும்னா ஸ்டேஷன் க்ளோக் ரூம்ல போடலாம், ஆனா பையில பூட்டு இருக்கணும், டிக்கெட்டும் காட்டணும், பூட்டு இல்லைனா வாங்க மாட்டாங்க. பறவை பேரைக் கண்டுபுடிக்க உதவற மெர்லின் ஆப்ல இந்தியா பேக்கை வைஃபைல இருக்கும்போதே இறக்கிக்குங்க, கரைல நெட்டு இழுக்கலைனாலும் வேலை செய்யும்.

அடுத்தது முக்கியம். மேப்பைத் தொறந்து குளத்தோட கிழக்குக் கரை எதுன்னு பாருங்க. காலைல சூரியன் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கணும். மேற்குக் கரைல நின்னு பாத்தீங்கன்னா தண்ணி பூரா பளபளன்னு மின்னி, வாத்து கொக்கு எல்லாமே கறுப்பு நெழலாத்தான் தெரியும். புதுசா வர்றவங்க பாதிப்பேர் 'ஒண்ணுமே தெரியலைங்க'ன்னு சொல்றது இதனாலதான், கண்ணுல கோளாறு எதுவும் இல்ல.

ஸ்டெப் 2: எந்தக் குளம்

என்னைக் கேட்டா சிங்காநல்லூர். நொய்யல் தண்ணி வந்து நெறையற குளம், மரமும் புதரும் இன்னும் மிச்சம் இருக்கு, 2017ல மாநகராட்சி இதை நகர்ப்புற பல்லுயிர் பாதுகாப்பு மண்டலம்னு அறிவிச்சது. ஸ்டேஷன்ல இருந்து தூரம் வேண்டாம்னா வாலாங்குளம். உக்கடம் பெரியகுளத்துக் கரைல நடைபாதை, லைட்டு எல்லாம் போட்டு பளிச்சுன்னு ஆக்கிட்டாங்க, வயசானவங்களைக் கூட்டிட்டுப் போக நல்ல இடம்தான், ஆனா வாக்கிங் கூட்டத்துக்கு நடுவுல நின்னு பறவை பாக்க எனக்கு என்னமோ ஒட்டல. அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் வலசை வர்ற பறவைங்களும் சேந்துக்கும், மத்த மாசத்துலயும் கரை காலியா இருக்காது.

ஸ்டெப் 3: பைனாகுலரை செட் பண்றது

பைனாகுலர் மேல எழுதியிருக்கற 8×42ன்னா எட்டு மடங்கு பெருசாக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம். ஆரம்பத்துக்கு இதுவே போதும். 10, 12ன்னு போனா கை நடுக்கமும் சேந்து பெருசாத் தெரியும். கண்ணாடி போடறவங்க கண் வைக்கற ரப்பர் மூடியை உள்ள அமுக்கிடுங்க, போடாதவங்க வெளிய இழுத்துக்குங்க. மொதல்ல வலது பக்கத்தைக் கையால மூடி, இடது கண்ணுல ஒரு போர்டைப் பாத்து நடு வீலைத் திருப்பி தெளிவாக்குங்க, அப்பறம் இடதை மூடி, அதே போர்டை வலது கண்ணு ஓரத்துல இருக்கற சின்ன வளையத்தால சரி பண்ணுங்க. அவ்வளவுதான், அப்பறம் நடு வீல் மட்டும்.

பறவையைத் தேடறப்போ தலையைக் குனியாதீங்க. கண்ணு பறவை மேலயே இருக்கட்டும், பைனாகுலர் மட்டும் மேல வரட்டும்.

ஸ்டெப் 4: ஒரே எடத்துல அரை மணி நேரம்

டிசம்பர் ஜனவரில ஆறரைக்கு மேலதான் விடியும், அதுக்குள்ள போய் நின்னுடுங்க. பளீர் கலர்ல சட்டை வேண்டாம். போனதும் ஆள்காட்டிக் குருவி ரெண்டு மூணு கத்தி ஊரைக் கூட்டும், அது வேலையே அதுதான், பத்து நிமிசம் அசையாம நில்லுங்க, அடங்கிடும்.

மொதல்ல இந்த மூணையும் பிரிச்சுப் பழகுங்க. கறுப்பு உடம்பு, நெத்தில வெள்ளைப் பட்டை, நாமம் போட்ட மாதிரி இருந்தா நாமக்கோழி. அதைவிடக் கொஞ்சம் சின்ன சைஸ், நெத்தி செவப்பு, மூக்கு நுனி மட்டும் மஞ்சள்னா தாழைக்கோழி. நல்ல நாட்டுக்கோழி சைஸுல, ஊதாவும் நீலமுமா, செவப்பு மூக்கோட இருந்தா நீலத் தாழைக்கோழி. இது கோரைத் தண்டைப் புடுங்கி ஒத்தைக் கால்ல பிடிச்சுட்டு, நாம கரும்பு கடிக்கற மாதிரி கடிக்கும் பாருங்க, நான் அதுக்காகவே இன்னொரு கால் மணி நேரம் நிப்பேன்.

தண்ணிக்கு மேல எழும்பி நிக்கற பட்ட மரத்துல ஒண்ணு ரெக்கையை விரிச்சு வெயில்ல காயப்போட்டு உக்காந்திருக்கும். கழுத்து பாம்பு மாதிரி நீளமா இருந்து, மூக்கு ஊசி மாதிரி நேரா இருந்தா பாம்புத்தாரா, கழுத்து குட்டையா மூக்கு நுனி கொக்கியா இருந்தா நீர்க்காகம். ரெண்டுக்கும் ரெக்கை தண்ணில நனைஞ்சிடும், அதனாலதான் முங்கறது சுலபம், அதனாலதான் இந்தக் காயப்போடற வேலையும்.

கரை ஓரத்துல மண்ணு கலர்ல, இருக்கறதே தெரியாம ஒரு கொக்கு நிக்கும், நீங்க கிட்டப் போனதும் பறக்கும்போது ரெக்கை ரெண்டும் தும்பை வெள்ளை. மடையான். மொத தடவை நான் ரெண்டு வேற பறவைன்னு நெனச்சு ரெண்டு பேரா எழுதினேன்.

ஸ்டெப் 5: எழுதறது

பேரு தெரியலைனா மூக்கு, கால் கலர், என்ன பண்ணிட்டிருந்துச்சு, இந்த மூணையும் எழுதுங்க. எண்ணிக்கையும் போடுங்க, 'நெறைய'ன்னு போடாதீங்க, கூட்டமா இருந்தா பத்து பத்தா எண்ணுங்க. பாத்த பறவை லிஸ்டைப் பதிவு பண்ற ஈபேர்ட் ஆப்ல ஏத்தறதா இருந்தா ஆரம்பிச்ச நேரத்தைக் குறிச்சுக்குங்க. ஜனவரி நடுவுல வர்றவங்க பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புல சேந்துக்கலாம், 15 நிமிசம் நின்னு எண்ணினாலே ஒரு லிஸ்ட் ஆச்சு.

ஸ்டெப் 6: ஒன்பதுக்கு மூட்டை கட்டுங்க

வெயில் ஏறினா பறவையும் ஒதுங்கிடும், உங்க கண்ணும் கூசும். இட்லி சாப்ட்டுட்டு நிதானமா ஸ்டேஷன் போங்க. பைனாகுலரை மட்டும் பை அடியில போடாதீங்க, பாலக்காடு பக்கம் போற வண்டின்னா போத்தனூர் வர்றதுக்கு முன்னாடி வாலாங்குளத்தை ஒட்டித்தான் போகும், கூழைக்கடா மெதந்துட்டு இருந்தா ஜன்னல்ல இருந்தே தெரியும்.