அடுத்த பைக் எது? தர்மபுரி, கிருஷ்ணகிரி சாலைகளில் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்கும் முறை

ஓசூரில் டிவிஎஸ் தொழிற்சாலை, ஏத்தர் தொழிற்சாலை, போச்சம்பள்ளியில் ஓலா தொழிற்சாலை என்று இருசக்கர வண்டிகள் பிறக்கிற ஊர்ப்பக்கம் நம்முடையது. அதனால் பைக் பேச்சுக்கு இங்கே பஞ்சமே இல்லை. ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் "எத்தனை சிசி, எவ்வளவு போகும்" என்பதோடு நின்றுவிடுகிறது. 100 சிசி அல்லது 150 சிசி வண்டி வைத்திருந்து, முதல் முறையாகப் பெரிய வண்டிக்கு மாற நினைப்பவருக்கு அது போதாது. நீங்கள் தினமும் போகிற சாலையையும், நண்பர்களின் வண்டிகளையும் வைத்தே நல்ல முடிவுக்கு வர முடியும். அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

படி 1: இப்போதைய வண்டியின் குறையை எழுதுங்கள்

புது வண்டியைப் பற்றி யோசிக்கும் முன் பழைய வண்டிக்கு ஒரு முழு சர்வீஸ் செய்துவிடுங்கள். "இழுவை இல்லை" என்கிற புகாரில் பாதி, தேய்ந்த செயின் ஸ்பிராக்கெட், கிளட்ச் பிளேட், அடைத்துக்கொண்ட ஏர் ஃபில்டர் இவற்றால் வருவது. "வளைவில் ஆடுகிறது" என்றால் முதலில் டயரையும் கோன்செட்டையும் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) பார்க்கச் சொல்லுங்கள். சில ஆயிரம் ரூபாயில் தீரும் குறைக்கு இரண்டு லட்சம் கடன் வாங்க வேண்டியதில்லை.

சர்வீஸ் முடிந்து இரண்டு வாரம் ஓட்டிய பிறகும் எது உறுத்துகிறதோ, அதை ஒரே வரியில் எழுதுங்கள். "மனைவியோடு தொப்பூர் மேடு ஏறும்போது லாரியை முந்த முடியவில்லை." "ஓசூர் சிப்காட் போய் வந்தால் முதுகு வலிக்கிறது." "தோட்டத்துப் பாதையில் அடி இடிக்கிறது." இந்த மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு வண்டிகள்தான் பதில். "நண்பன் வாங்கிவிட்டான்" என்பது மட்டும்தான் காரணமாக மிஞ்சுகிறது என்றால், அவசரப்படாமல் ஆறு மாதம் பொறுத்திருங்கள்.

படி 2: உங்கள் சாலை எது?

ஒரு வாரத்துக்கு எங்கே போனீர்கள், யாரோடு, என்ன சுமையோடு என்று போனில் குறித்து வையுங்கள். பெரும்பாலானோருக்குத் தொண்ணூறு சதவீத ஓட்டம் ஒரே சாலையில்தான் இருக்கும்.

தேசிய நெடுஞ்சாலை 44தான் உங்கள் சாலை என்றால், ஒன்றை நினைவில் வையுங்கள். நான்குவழிச் சாலையில் இருசக்கர வண்டிக்கு மத்திய அரசு 2018-இல் அறிவித்த உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். தொப்பூர் கணவாய் போன்ற இடங்களில் அதைவிடக் குறைவு. அங்கே பலகையில் போட்டிருப்பதுதான் கணக்கு. ஆகவே வண்டி 150-ஐத் தொடுமா என்ற கேள்வியால் பயனில்லை. 80-இல் ஒரு மணி நேரம் போனால் கைப்பிடி அதிர்கிறதா, பக்கத்தில் பேருந்து கடக்கும்போது அடிக்கும் காற்றில் வண்டி தள்ளாடுகிறதா என்று கேளுங்கள்.

அஞ்செட்டி, வத்தல்மலை, அரூர் பக்கத்துக் கிராமப் பாதைகள் என்றால் கிரவுண்ட் கிளியரன்ஸும் சஸ்பென்ஷனும் முதலில் வரும். பாலக்கோடு, காவேரிப்பட்டணம் சந்தைக்குப் பெட்டியோடும் மூட்டையோடும் போகிறவருக்குப் பெரிய வண்டியே வேண்டியதில்லை என்பது என் கருத்து. நல்ல 125 போதும்.

படி 3: எண்களைச் சரியாகப் படியுங்கள்

பவரைத் தனியாகப் பார்க்காதீர்கள். வண்டி எடையோடு உங்கள் எடையையும் கூட்டி, அதைக் கொண்டு பவரை வகுத்துப் பாருங்கள். ஓட்டுபவர் 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஸ்ப்ளெண்டர் பிளஸ் 112 கிலோ, பவர் சுமார் 8 பிஎஸ் (குதிரைத்திறன் அளவு). நூறு கிலோவுக்கு 4.4 பிஎஸ் வருகிறது. பல்சர் 150-க்கு 14 பிஎஸ், 148 கிலோ, 6.4 வரும். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 சுமார் 20.5 பிஎஸ், 195 கிலோ, 7.7. அப்பாச்சி ஆர்டிஆர் 200 4வி 20.8 பிஎஸ், 152 கிலோ, 9.4. டிரையம்ப் ஸ்பீட் 400-க்கு 40 பிஎஸ், 176 கிலோ, 16-ஐத் தாண்டும்.

350 சிசி வண்டியைவிட 200 சிசி வண்டிக்குக் கணக்கு கூடுதலாக வருகிறதே என்று குழம்ப வேண்டாம். இங்கேதான் டார்க், அதாவது எஞ்சினின் திருகு விசை வருகிறது. கிளாசிக் 350-க்கு 27 நியூட்டன் மீட்டர் டார்க், அதுவும் 4,000 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடும். ஆர்டிஆர் 200-க்கு 17.25தான், அதற்கும் எஞ்சினை 7,250 வரை சுற்ற வைக்க வேண்டும். சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் மேட்டில் லாரிக்குப் பின்னால் 45-இல் மாட்டிக்கொள்கிறீர்கள், பின்னால் ஆள் இருக்கிறார். அப்பாச்சியில் ஒரு கியர், சில சமயம் இரண்டு கியர் குறைத்து முறுக்க வேண்டும், குறைத்தால் பாய்ந்துவிடும். கிளாசிக்கில் கியரைத் தொடாமலே நிதானமாக ஏறலாம். அதே சமயம், குறுக்கே நாய் வந்து சட்டென்று ஒதுங்க வேண்டிய நேரத்தில் 43 கிலோ குறைவான வண்டி எவ்வளவு உதவும் என்பது ஒதுங்கிப் பார்த்தவருக்குத் தெரியும். எதற்கு முதலிடம் என்பதைப் படி 1-இல் நீங்கள் எழுதிய வரி சொல்லும்.

பின்னால் 60 கிலோ ஆள் உட்கார்ந்தால் கிளாசிக் 6.3-க்கும் அப்பாச்சி 7.4-க்கும் இறங்கும். இடைவெளி குறைந்துவிட்டது பாருங்கள். எப்போதும் இரண்டு பேராகப் போகிறவர்கள் இந்த இரண்டாவது கணக்கை மட்டும் போட்டால் போதும்.

125 சிசிக்கு மேல் எல்லா வண்டியிலும் ஏபிஎஸ் (சட்டென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயம். ஆனால் சிங்கிள் சேனல் என்றால் முன் சக்கரத்துக்கு மட்டும்தான். மண்ணும் சரளையும் கிடக்கிற நம் கிளைச் சாலைகளுக்கு, பணம் இருந்தால் இரண்டு சக்கரத்துக்கும் உள்ள டூயல் சேனலே எடுங்கள். இதில் மட்டும் நான் சமரசம் சொல்ல மாட்டேன்.

படி 4: நண்பர்களின் வண்டிகளை ஒரே சாலையில் ஓட்டிப் பாருங்கள்

ஷோரூம் டெஸ்ட் ரைடில் இரண்டு கிலோமீட்டர் விடுவார்கள். அதில் எந்த வண்டியும் நன்றாகத்தான் தெரியும். நான்கு நண்பர்களிடம் நான்கு வகை வண்டி இருந்தால் ஞாயிறு விடியற்காலையில் கூடுங்கள். தர்மபுரிக்காரர்களுக்குப் பென்னாகரம் சாலை பொருத்தம்: கொஞ்சம் ஊர், கொஞ்சம் திறந்த சாலை, பென்னாகரத்தைத் தாண்டினால் ஒகேனக்கல் இறக்கத்தின் வளைவுகள். கிருஷ்ணகிரிக்காரர்கள் இராயக்கோட்டை சாலையை எடுக்கலாம். தொப்பூர் கணவாயை இதற்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். தர்மபுரியிலிருந்து சேலம் போகும் இறக்கத்தில் பிரேக் சூடேறிய லாரிகளால் எத்தனையோ உயிர் போயிருக்கிறது. அஞ்செட்டி காட்டுச் சாலை என்றால் யானை நடமாட்டம் உண்டு. நன்றாக வெளிச்சம் வந்த பிறகே போங்கள்.

கிளம்பும் முன் எல்லோரிடமும் கியர் வண்டி லைசென்ஸ் இருக்கிறதா, ஒவ்வொரு வண்டிக்கும் இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி விழுந்தால் செலவு யாருடையது என்பதையும் அப்போதே பேசி முடித்துவிட வேண்டும். டயர் காற்றை ஒரே பெட்ரோல் பங்கில் கம்பெனி சொன்ன அளவுக்கு நிரப்புங்கள். காற்று குறைந்த வண்டியை ஓட்டிவிட்டு "ஹேண்டில் கனம்" என்று தீர்ப்புச் சொல்வது நிறைய நடக்கிறது.

முதலில் வண்டியை ஓட்டவே வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டு, வீட்டு வாசலில் இருப்பது போன்ற ஒரு சின்ன சாய்வில் பின்பக்கமாகத் தள்ளி ஏற்றுங்கள். ஸ்ப்ளெண்டரில் பழகிய கைக்கு 195 கிலோ என்றால் என்னவென்று அந்த இடத்திலேயே புரிந்துவிடும். தினமும் காலையில் செய்யப்போகிற வேலை இது. அப்புறம் உட்கார்ந்து காலை ஊன்றுங்கள். கிளாசிக்கின் சீட் உயரம் 805 மில்லிமீட்டர், எக்ஸ்பல்ஸ் 200 4வி 825. எண்ணில் வித்தியாசம் சிறிது. ஆனால் சீட் அகலமாக இருந்தால் தொடை விரிந்து கால் இன்னும் எட்டாமல் போகும். சமதளத்தில் மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். சாலை ஓரம் இடப்பக்கம் சரிந்திருக்கும் இடத்தில் நிறுத்தி, இடது காலை ஊன்றிப் பாருங்கள். வண்டி விழுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான்.

அடுத்து ஓட்டம். ஆளில்லாத இடத்தில் முதல் கியரில் யூ-டர்ன் அடியுங்கள். நான்காவது கியரில் 50-இலிருந்து 80 வரை போய், எப்படி இழுக்கிறது என்று கவனியுங்கள். அதே இடத்தில் அதே நண்பரைப் பின்னால் ஏற்றி மறுபடியும். 80-இல் நிலையாகப் போகும்போது கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி தெளிவாகத் தெரிகிறதா, நடுங்குகிறதா? கைப்பிடி அதிர்வைவிட இது நல்ல சோதனை. பின்னால் யாரும் இல்லாதபோது 40-இல் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் எஞ்சின் எவ்வளவு பிடித்து நிறுத்துகிறது என்பதையும் கவனியுங்கள். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அந்த கியர் என்பதுதான் மலைச்சாலைப் பழக்கம். கடைசியாக ஊருக்குள் வந்து, தர்மபுரி நாலு ரோடு நெரிசலில் வண்டி காலில் சூடு அடிக்கிறதா என்று பாருங்கள். சித்திரை வெயிலில் அந்தச் சூடு இன்னும் கூடும்.

பின்னால் உட்கார்ந்து வந்தவரிடமும் கேளுங்கள். சீட் சரிகிறதா, கால் வைக்கும் இடம் உயரமா, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று அவர்தான் சொல்ல முடியும். குடும்பத்துக்கு வாங்கும் வண்டியில் அவர் ஓட்டுக்குப் பாதி மதிப்பு தர வேண்டும்.

ஒவ்வொருவரும் ஓட்டி முடித்ததும் பேசாமல் முதலில் எழுத வேண்டும். டீ குடித்துக்கொண்டே பேச ஆரம்பித்தால், சத்தமாகப் பேசுபவரின் கருத்தே எல்லோருடைய கருத்தாகிவிடும். எழுதியதை ஒப்பிட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள். சொந்த வண்டியைப் பற்றி ஒருவர் சொல்வதைவிட, அதே வண்டியை மற்ற மூன்று பேர் எழுதியது உங்களுக்கு அதிகம் உதவும்.

படி 5: பணக் கணக்கு

350 சிசி என்பது ஒரு எல்லைக்கோடு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். இன்சூரன்ஸிலும் அதே கோடுதான். 2022-இல் நிர்ணயித்த மூன்றாம் நபர் பிரீமியம் ஆண்டுக்கு 75 முதல் 150 சிசி வரை 714 ரூபாய், 350 வரை 1,366, அதற்கு மேல் 2,804. புது வண்டிக்கு ஐந்து ஆண்டுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். 349 சிசிக்கும் 398 சிசிக்கும் நடுவே தயங்குகிறவர்கள், ஷோரூம் விலையை விட்டுவிட்டு, வரியும் இன்சூரன்ஸும் சேர்ந்த ஆன்ரோடு விலையை எழுத்தில் வாங்கி ஒப்பிடுங்கள்.

பெட்ரோல்: மாதம் 1,000 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், 60 கொடுக்கும் வண்டிக்கு 1,667 ரூபாய், 30 கொடுக்கும் வண்டிக்கு 3,333. ஆண்டுக்கு இருபதாயிரம் கூடும். இதையும் மாதத் தவணையோடு சேர்த்தே பாருங்கள்.

பெங்களூரு பக்கத்தில் இருப்பதால் கர்நாடகப் பதிவெண் பழைய வண்டிகள் குறைந்த விலையில் கண்ணில் படும். அந்த விலையோடு கதை முடியாது. அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, டிஎன் 24, 29 அல்லது 70-இல் மறுபதிவு செய்ய வேண்டும். வேறு மாநிலப் பதிவோடு பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்கக் கூடாது. இந்தச் செலவெல்லாம் கூட்டிய பிறகும் லாபம் இருந்தால் எடுங்கள். பழைய கிளாசிக் 350 என்றால் எந்த ஆண்டு என்று கட்டாயம் கேளுங்கள். 2021 செப்டம்பரில் வந்த புதிய கிளாசிக்கில்தான் 349 சிசி எஞ்சின். அதற்கு முந்தையது 346 சிசி, அதிர்வும் ஓட்டமும் வேறு.

படி 6: வாங்குவதும் பழையதை விற்பதும்

இரண்டு வண்டிக்குப் பட்டியல் சுருங்கிய பிறகு ஷோரூமுக்குப் போங்கள். அருகில் சர்வீஸ் சென்டர் தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இருக்கிறதா, ஒவ்வொரு சர்வீஸுக்கும் சேலமோ பெங்களூருவோ ஓட வேண்டுமா என்று அங்கேயே கேளுங்கள். புது டயர் கொஞ்சம் வழுக்கும், பிரேக்கும் பழக வேண்டும். முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் வளைவுகளில் சாய்க்காமல் ஓட்டுங்கள்.

பழைய வண்டியை விற்கும்போது இன்சூரன்ஸின் நோ கிளைம் போனஸை (கிளைம் கேட்காத ஆண்டுகளுக்கான தள்ளுபடி) விட்டுவிடாதீர்கள். அது வண்டிக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் கடிதம் வாங்கினால் புது வண்டியின் பிரீமியத்தில் கழித்துக்கொள்ளலாம். கடன் இருந்திருந்தால் ஆர்சியில் ஹைப்போதிகேஷனை, அதாவது கடன் கொடுத்தவரின் பெயர்ப் பதிவை, முதலில் நீக்குங்கள். வாங்குபவரோடு படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டதோடு நிறுத்தாமல், பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு உரிமையாளர் பெயர் மாறிவிட்டதா என்று பாருங்கள். மாறாத வரை அந்த வண்டிக்கு வரும் அபராதமும் விபத்து வழக்கும் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.