எந்த மாட்யூல் எதை இழுக்கிறது? நோடு ஜேஎஸ்ஸில் நேரடியாகப் பார்ப்போம்

ஃபங்ஷன் கண்ணெதிரே இருக்கிறது, எக்ஸ்போர்ட்டும் செய்தாகிவிட்டது. ஆனாலும் ஓட்டினால் "இஸ் நாட் எ ஃபங்ஷன்" என்று விழுகிறது. இதில் எனக்கு ஒரு முழு மதியம் போனது. கோப்புகள் எந்த வரிசையில் ஏறுகின்றன என்று முதலிலேயே பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

பழகுவதற்கு மூன்று கோப்புகள் போதும்: கடை, பில், வரி. (கோப்புப் பெயர் தமிழில் இருந்தாலும் நோடு கண்டுகொள்ளும்.) கடை முதலில் பில்லையும் பிறகு வரியையும் ரெக்வயர் செய்கிறது, அதாவது இழுத்து ஏற்றுகிறது. பில்லுக்கு வரி வேண்டும். வரிக்கோ, ஏறும்போதே அழைக்க, பைசாவை ரவுண்டு செய்யும் ஃபங்ஷன் வேண்டும். அது பில்லுக்குள் இருக்கிறது.

இப்போது துப்பு என்று நான்காவது கோப்பு ஒன்றைத் திறங்கள். நோடோடு வரும் 'மாட்யூல்' என்பதை அதில் ரெக்வயர் செய்யுங்கள். நாம் எழுதும் ஒவ்வொரு ரெக்வயரும் கடைசியில் அதிலுள்ள _லோடு என்ற ஃபங்ஷனிடம்தான் போய் நிற்கும். அதை ஒரு மாறியில் பத்திரப்படுத்திவிட்டு, அந்த இடத்தில் நம்முடையதை வையுங்கள்.

நம் ஃபங்ஷனுக்கு முதலில் வருவது கேட்கப்பட்ட பெயர், அடுத்து கேட்ட மாட்யூல். ஆழம் என்ற எண்ணுக்கு ஏற்ப இடம் விட்டுப் பெயரை அச்சிடுங்கள், ஆழத்தை ஒன்று கூட்டுங்கள், பழைய _லோடை அழையுங்கள், அது தந்ததைத் திருப்பிக் கொடுங்கள். ஆழத்தை ஒன்று குறைப்பது ஃபைனலிக்குள் (பிழை வந்தாலும் ஓடும் பகுதி) இருக்கட்டும். இல்லாவிட்டால் ஏதாவது ஒரு ரெக்வயர் தோற்று, அதை யாராவது கேட்ச் செய்துவிட்டால், அதற்குப் பிறகு வரும் பெயர்களெல்லாம் வலப்பக்கம் நகர்ந்தே நிற்கும்.

துப்பின் கடைசி வரியில் கடையை ரெக்வயர் செய்து, துப்பை ஓட்டுங்கள்:

./கடை
  ./பில்
    ./வரி
      ./பில்

அவ்வளவுதான், அதற்குள் விழுந்துவிட்டது. நான்காவது வரியைப் பாருங்கள். பில் கோப்பு இன்னும் தன் முதல் வரியிலேயே நிற்கிறது; அதற்குள் வரிக் கோப்பு வந்து பில்லைக் கேட்கிறது. நோடு மறுபடி ஏற்றாது. கேஷில் (ஏற்றியவற்றை நோடு நினைவில் வைக்கும் இடம்) உள்ள அரைகுறை பில்லை, அதாவது காலியான ஆப்ஜெக்ட்டைக் கையில் கொடுத்துவிடும். ரவுண்டு செய்யும் ஃபங்ஷன் அதில் எப்படி இருக்கும்?

இந்த வட்டத்தைக் கண்ணால் தேட வேண்டியதில்லை. பெயரை அச்சிடும் முன் _ரிசால்வ்ஃபைல்நேம் கொண்டு முழுப் பாதையை எடுத்து, ரெக்வயரின் கேஷில் பாருங்கள். இருந்தால் "ஏற்கெனவே" என்று சேருங்கள். இருந்தும் அதன் லோடெட் ஃபால்ஸ், அதாவது இன்னும் ஏறி முடியவில்லை என்றால் "வட்டம்!" என்று சேருங்கள்.

அண்டர்ஸ்கோரில் தொடங்கும் இவை நோடின் உள்வீட்டு விஷயங்கள். துப்பு துலக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சர்வரில் ஏற்றாதீர்கள். இம்போர்ட் என்று எழுதியவை எல்லாம் இந்த வலையில் சிக்கிவிடாது, அவற்றுக்கு நோடு 22.15 பதிப்பு முதல் ரெஜிஸ்டர்ஹுக்ஸ் இருக்கிறது.

சரி, வட்டத்தை உடைப்போம். ரவுண்டு ஃபங்ஷனை 'எண்' என்ற தனிக் கோப்புக்கு மாற்றி, பில்லும் வரியும் அதையே கேட்கட்டும். மறுபடி ஓட்டினால்:

./கடை
  ./பில்
    ./வரி
      ./எண்
    ./எண் ஏற்கெனவே
  ./வரி ஏற்கெனவே