‘ரத்தம் எத்தனை பாயிண்ட் இருக்கு டாக்டர்?’ – சி.பி.சி. (முழு ரத்த எண்ணிக்கை) ரிப்போர்ட்டை நீங்களே படிப்பது எப்படி

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே வந்துவிடும் கேள்வி இது. புதுச்சேரியில் உட்கார்ந்தாலும் சரி, சனிக்கிழமை கடலூரில் பார்த்தாலும் சரி, பண்ருட்டிக்காரர் வந்தாலும் பாகூர்க்காரர் வந்தாலும் கேள்வி மாறுவதில்லை. “ஒன்பது பாயிண்ட் இருக்கும்மா” என்றால் முகம் வாடும், “பதினொண்ணு” என்றால் மலரும். அதோடு ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார்கள். மீதி இருபது வரியை யாரும் சீந்துவதில்லை.

ரத்தவியல் மருத்துவனாக எனக்கு அந்த மீதி வரிகள்தான் முக்கியம். எச்.பி. (ஹீமோகுளோபின், நீங்கள் கேட்கும் ‘பாயிண்ட்’ அதுதான்) ரத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சொல்லும். ஏன் குறைந்தது என்று சொல்லாது. அதைச் சொல்ல இன்னொரு வரி இருக்கிறது. அந்த வரியைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் இந்தப் பதிவு. பழைய சி.பி.சி. ரிப்போர்ட் ஒன்று, பேனா, செல்போனில் கால்குலேட்டர் இருந்தால் போதும். இதில் வரும் நோயாளிகள் யார் என்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

படி 1: ரத்தம் கொடுக்கும்போது

சி.பி.சி.க்கு வெறும் வயிறு தேவையில்லை. இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம். சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருந்தால் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் ரத்தம் எடுப்பார்கள். அது உறையாமல் இருக்க உள்ளே ஒரு மருந்து இருக்கும். அந்த மருந்தை நினைவில் வையுங்கள், தட்டணுக்களிடம் வரும்போது அதனால் ஒரு வேடிக்கை உண்டு.

படி 2: மூன்று வரிகளை வட்டமிடுங்கள்

எச்.பி., வெள்ளை அணு, தட்டணு (பிளேட்லெட்). ரிப்போர்ட்டில் இந்த மூன்றையும் பேனாவால் சுற்றுங்கள். ஒன்று மட்டும் குறைந்திருந்தால் ஒரு கதை, மூன்றும் சேர்ந்து குறைந்திருந்தால் வேறு கதை. மூன்றும் குறைந்திருந்தால் இந்தப் பதிவைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்காமல் டாக்டரிடம் நாள் வாங்கிவிடுங்கள். அதற்காக ராத்திரி தூக்கம் கெட வேண்டாம். ஏன் என்று கீழே ஒரு வாத்தியார் கதையில் வரும்.

படி 3: எச்.பி.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே, பெண்களுக்கு 12க்குக் கீழே போனால் ரத்தசோகை. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் எல்லை 11. போன மாதம் 11.4, இந்த மாதம் 11.1 என்று பதறாதீர்கள். அந்த அளவு ஏற்ற இறக்கம் மெஷினிலும் வரும், நீங்கள் தண்ணீர் குடித்ததிலும் வரும்.

“ரத்தம் ஏத்தணுமா?” என்பது அடுத்த கேள்வி. நிலையாக இருக்கும் ஒருவருக்குப் பொதுவாக 7க்குக் கீழே போனால்தான் அந்தப் பேச்சே. இதய நோயோ, ரத்தப்போக்கோ, மூச்சு வாங்குவதோ இருந்தால் கணக்கு மாறும். எட்டரை இருக்கும் பெண்ணுக்கு “தெம்புக்கு ஒரு பாட்டில் ஏத்துங்க” என்று கேட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்புவேன். ரத்தம் டானிக் இல்லை.

படி 4: எம்.சி.வி. – இதுதான் அந்த வரி

சிவப்பணு ஒன்றின் சராசரி அளவு இது. 80 முதல் 100 வரை சரி. 80க்குக் கீழே என்றால் அணு சிறுத்திருக்கிறது, 100க்கு மேல் என்றால் பெருத்திருக்கிறது. சிறுத்தால் முதலில் இரும்புச்சத்துக் குறைவையும், பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடான தலசீமியாவையும் நினைக்க வேண்டும். பெருத்தால் பி12, ஃபோலிக் அமிலம், தைராய்டு, கல்லீரல், சில மாத்திரைகள், அப்புறம் மது. எங்கள் ஊரில் கடைசியாகச் சொன்னதை முதலிலேயே கேட்டுவிடுவது வழக்கம். மனைவி பக்கத்தில் இருந்தால் பதில் வராது, எம்.சி.வி. சொல்லிவிடும்.

முந்திரி உடைக்கும் வேலை செய்யும் ஒரு பெண், வயது 34. பண்ருட்டிப் பக்கம். விரல்களில் முந்திரி ஓட்டின் கறை. நகங்கள் மேலே வளையாமல் கரண்டி மாதிரி குழிந்திருந்தன. எச்.பி. 9.2, எம்.சி.வி. 68. கூட வந்த மாமியார் முந்திக்கொண்டார்: “எந்நேரமும் பச்சரிசியை மென்னுகிட்டே இருக்கா டாக்டர். அரிசி தின்னா ரத்தம் சுண்டிடும்னு சொன்னா கேக்கறதில்ல.”

தலைகீழாகப் புரிந்துகொள்ளப்படும் விஷயம் இது. பெரும்பாலும் அரிசி தின்பதால் ரத்தம் குறைவதில்லை. இரும்புச்சத்து குறைந்ததால்தான் அரிசி, சாம்பல், விபூதி, ஐஸ்கட்டி என்று வாய் தேடுகிறது. இரும்பு ஏறினால் அந்த ஆசை தானாகவே போய்விடும். “அவங்களைத் திட்டாதீங்கம்மா, அது நோயோட அறிகுறி” என்றேன். அந்தப் பெண் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். மாதவிடாய் எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், கட்டி கட்டியாகப் போகிறதா என்று கேட்டேன். எட்டு நாள் போகிறதாம். இதுவரை யாரும் கேட்கவில்லையாம்.

படி 5: ஒரு சின்ன வகுத்தல்

எம்.சி.வி. 80க்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும் இந்தப் படி. எம்.சி.வி.யை சிவப்பணு எண்ணிக்கையால் வகுங்கள். மென்ட்சர் குறியீடு என்று பெயர். விடை 13க்கு மேல் வந்தால் இரும்புச்சத்துக் குறைவு பக்கம் சாய்கிறது, கீழே வந்தால் தலசீமியா மரபுக்கூறு (நோயாக இல்லாமல் மரபணுவில் மட்டும் இருப்பது) பக்கம். அந்தப் பெண்ணுக்குச் சிவப்பணு 4.3, 68ஐ வகுத்தால் 15.8. இரும்பு.

அதே வாரம் வந்த இன்னொருவர், பாகூர் இளைஞர், வயது 26. எச்.பி. 11.8, எம்.சி.வி. 64, சிவப்பணு 6.0. வகுத்தால் 10.7. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் இரண்டு வருஷமாக இரும்பு மாத்திரை சாப்பிடுகிறார், எச்.பி. அசையவே இல்லை. இரும்பு இல்லாமல் சிறுத்த அணு இல்லை அது, பிறப்பிலேயே சிறிய அணு. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. பரிசோதனையில், அதில் ஒரு வகையான எச்.பி.ஏ2 5.2 சதவீதம் வந்தது. 3.5க்கு மேல் போனால் பீட்டா தலசீமியா மரபுக்கூறு என்று பொருள். மாத்திரையை நிறுத்தச் சொன்னேன்.

“அப்ப எனக்கு நோயா சார்?”

“உங்களுக்கு இல்லை. கல்யாணம் ஆயிடுச்சா?”

தை மாசம் மாமன் மகளோடு நிச்சயித்திருந்தார்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது. கணவன், மனைவி இருவருக்கும் இந்த மரபுக்கூறு இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தை தலசீமியா மேஜர் என்ற கடுமையான நோயோடு பிறக்கும். அந்தக் குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். சொந்தத்தில் கட்டும்போது இருவருக்கும் ஒரே மரபணு இருக்கும் வாய்ப்பு கூடும். அந்தப் பெண்ணுக்கும் அதே பரிசோதனை செய்யச் சொன்னேன். அவருக்கு இல்லை; கல்யாணம் நடந்தது. ஜாதகம் பார்க்கும் வீடுகளில் இந்த ஒரு பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் ஆசை.

வகுத்தல் ஒரு ஜாடைதான், தீர்ப்பு இல்லை. இரும்புக்கு ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பரிசோதனை) பார்த்தால்தான் உறுதி. காய்ச்சல், அழற்சி நேரத்தில் ஃபெரிட்டின் ஏறிக் காட்டும், அதனால் உடம்பு சரியான பிறகு பாருங்கள். இரும்புக் குறைவு இருந்தால் எச்.பி.ஏ2 குறைத்துக் காட்டலாம் என்பதையும் உங்கள் டாக்டர் கணக்கில் எடுப்பார்.

இப்போது பெருத்த அணுக்கள். ஓய்வு பெற்ற தமிழாசிரியர், 67 வயது, கடலூர் முதுநகர். சுத்த சைவம், பன்னிரண்டு வருஷமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை. எச்.பி. 10.1, எம்.சி.வி. 112, வெள்ளை அணு 3,400, தட்டணு 1.1 லட்சம். மூன்றும் குறைவு. மகன் இணையத்தில் தேடிவிட்டு, அப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டுத் தனியாக உள்ளே வந்து, “கேன்சர்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க சார்” என்றார். நான் அப்பாவைக் கூப்பிட்டு நாக்கை நீட்டச் சொன்னேன். வழவழவென்று சிவந்திருந்தது. காலில் மதமதப்பு இருக்கிறதா என்றால், செருப்பு கழன்றதுகூடத் தெரிவதில்லை என்றார். பி12 அளவு அடிமட்டத்தில் இருந்தது. அந்தச் சத்து அசைவத்திலும் முட்டையிலும் பாலிலும்தான் உண்டு, கீரையில் கிடையாது. போதாததற்கு மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிட்டால் பி12 குறையும். ஊசி போட்டு இரண்டு மாதத்தில் மூன்று வரியும் நிமிர்ந்துவிட்டன. மூன்றும் குறைந்தால் எல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் சொல்லவில்லை. சில சமயம் எலும்பு மஜ்ஜையைப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் மகன் பயந்த வழி மட்டும்தான் வழி என்பதில்லை.

படி 6: வெள்ளை அணு

4,000 முதல் 11,000 வரை சரி. பன்னிரண்டாயிரம் என்றதும் ரத்தப் புற்றுநோயா என்று கேட்பார்கள். சளி, காய்ச்சல், பல்வலி, ஸ்டீராய்டு மாத்திரை, கர்ப்பம் எல்லாமே ஏற்றும். பக்கத்தில் ‘பிளாஸ்ட்’ (முதிராத அணு) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

ஈசினோஃபில் என்ற வெள்ளை அணு வகை ஏறியிருந்தால் அலர்ஜி, ஆஸ்துமா, குடல் புழு. எங்கள் பக்கம் யானைக்கால் நோய்க் கிருமியையும் மறக்கக் கூடாது. கொசுவால் பரவும் நோய்களை ஆராயவென்றே 1975இல் புதுச்சேரியில் ஒரு மையம் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட மண் இது.

படி 7: தட்டணு

1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை. இங்கேதான் அந்த ஊதா மூடி வேடிக்கை. கல்லூரி மாணவி ஒருவர் 38,000 என்ற ரிப்போர்ட்டோடு அழுதுகொண்டே வந்தார். உடம்பில் ஒரு சிவப்புப் புள்ளி இல்லை, ஈறில் கசிவு இல்லை. சிலருடைய தட்டணுக்கள் அந்தக் குழாய் மருந்து பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பத்து பேர் கட்டிப்பிடித்து நின்றால் மெஷினுக்கு ஒரு ஆளாகத் தெரியும். வேறு மருந்து இருக்கும் நீல மூடிக் குழாயில் மறுபடி எடுத்தோம்: 2.1 லட்சம். அதனால் நன்றாக இருப்பவருக்குத் திடீரென்று குறைவாக வந்தால் ஸ்மியர் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடித் தகட்டில் தடவி, மனிதர் ஒருவர் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது.

டெங்கு சமயத்தில் இந்த எண்ணை மணிக்கொரு தரம் கேட்பார்கள். டெங்குவில் பெரிய ஆபத்து ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது. அதைக் காட்டுவது பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) என்ற வரி, அது ஏறிக்கொண்டே போவதுதான் எச்சரிக்கை. காய்ச்சல் விட்டதும் ‘குணமாகிவிட்டது’ என்று எழுந்து நடமாடும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் கவனமாக இருக்க வேண்டிய நாள். ரத்தப்போக்கு இல்லாதவருக்குப் பொதுவாக 10,000க்குக் கீழே போனால்தான் தட்டணு ஏற்றுவதை யோசிப்போம். பப்பாளி இலைச் சாறு? ஒரு வாரத்தில் தட்டணு பெரும்பாலும் தானே ஏறும். அந்த நேரத்தில் குடித்த எதற்கும் நல்ல பெயர் கிடைக்கும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் மட்டும் தொடாதீர்கள்.

இரும்பு மாத்திரை சாப்பிடும் முறை

“பீட்ரூட் ஜூஸ், மாதுளை தினமும் சாப்பிடறேன் டாக்டர்.” சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தமாகாது. மாதுளையில் நூறு கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. ஆட்டுச் சுவரொட்டியில் இருப்பதோடு ஒப்பிடவே முடியாது. அந்த விஷயத்தில் நம் பாட்டிகள் சொன்னது சரி. முருங்கைக்கீரை நல்லது, எலுமிச்சை பிழிந்தால் இன்னும் நல்லது. ஆனால் எச்.பி. ஏற்கெனவே குறைந்துவிட்டால் சாப்பாடு மட்டும் எட்டாது, மாத்திரை வேண்டும்.

வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறோடு. டீ, காபி, பால், சுண்ணாம்புச் சத்து மாத்திரை எல்லாவற்றுக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி. காலையில் டீயோடு விழுங்குகிற மாத்திரையில் பாதிக்கு மேல் வீண் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வயிறு பிரட்டினால் நிறுத்திவிடாமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். மூன்று வாரத்தில் சுமார் ஒரு கிராம் ஏற வேண்டும். எச்.பி. சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். உடம்பின் இரும்புக் கிடங்கு நிரம்ப அவ்வளவு நாள் ஆகும்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஆணுக்கு இரும்பு குறைந்திருந்தால் மாத்திரையோடு விடக் கூடாது. மூலம் என்று அவரே முடிவு கட்டியிருப்பார். குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டும்.

படி 8: டாக்டரிடம் போகும்போது

ஈறிலோ மூக்கிலோ நிற்காத ரத்தம், கறுத்த மலம் (இரும்பு மாத்திரை சாப்பிடாதவருக்கு), வெள்ளை அணு மிகக் குறைந்த நிலையில் காய்ச்சல், படுத்திருந்தும் மூச்சு வாங்குவது – இவற்றுக்கு நாள் வாங்கிக்கொண்டிருக்காமல் நேராக அவசரப் பிரிவு. இவை இல்லாதவர்கள், நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு கொண்டு வாருங்கள். “வெள்ளையா, உருண்டையா ஒரு மாத்திரை” என்றால் எனக்குத் தெரியாது.

பழைய ரிப்போர்ட்டுகளையும். நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு பெரியவர், எம்.சி.வி. 66 என்று யாரோ பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். மஞ்சப்பையைத் திறந்து, ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்கும் கரண்ட் பில்லுக்கும் நடுவிலிருந்து 2009ஆம் வருஷத்து ரிப்போர்ட் ஒன்றை எடுத்தார், குடலிறக்க ஆபரேஷனுக்கு எடுத்ததாம். மடிப்பில் கிழிந்திருந்தது. எம்.சி.வி. 67. அவசரமே இல்லை என்று தெரிந்துவிட்டது. ஒரு எச்.பி.எல்.சி. மட்டும் எழுதிக் கொடுத்து, பேரன் பேத்திகள் எத்தனை பேர் என்று கேட்டேன்.