டெலிகாஸ்டரில் இரண்டு பிக்கப்பையும் சீரிஸில் இணைப்பது

டெலிகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டாரின் மூன்று நிலை ஸ்விட்சை நடுவில் வைத்தால், கம்பி அதிர்வை மின் சிக்னலாக்கும் நெக், பிரிட்ஜ் பிக்கப்புகள் இரண்டும் பேரலலில் (பக்கம் பக்கமாக) ஒலிக்கும். தெளிவான, ஆனால் மெலிந்த ஒலி. அதே இரண்டையும் சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) கோத்தால் சத்தம் கூடும், நடு ஸ்வரங்கள் தடிக்கும், கூர்மை குறையும், ஆம்ப் சீக்கிரமே டிரைவ் ஆகும் (ஒலி கரகரக்கும்). இதற்கென்றே நான்கு நிலை ஸ்விட்ச் கிடைக்கிறது. ஆனால் சில கன்ட்ரோல் பிளேட்டுகளில் அதன் லீவருக்கு இடம் போதாமல் அரம் போட வேண்டியிருக்கும். டோன் குமிழின் கீழுள்ள பாட்டை (பொடென்ஷியோமீட்டரை) கழற்றிவிட்டு, இழுத்தால் தள்ளினால் மாறும் ஸ்விட்சும் சேர்ந்த புஷ்-புல் பாட் போடுவது சுலபம்.

வாங்க வேண்டியவை: ஏ250கே (250 கிலோ ஓம்) புஷ்-புல் பாட் ஒன்று, 22 கேஜ் பல இழை வயர் ஒரு மீட்டர், பற்றவைக்க 60/40 ரோசின் ஈயம். சால்டரிங் அயர்ன் 40 வாட் இருந்தால் நல்லது. டெலி குமிழைப் பக்கத் திருகுதான் இறுக்குகிறது. அதனால் பிளவில்லாத ஷாஃப்ட் உள்ள பாட்டையே கேளுங்கள். புஷ்-புல் நீளமானது, கிட்டார் உடலில் அது இறங்கும் குழியின் ஆழத்தை முதலிலேயே அளந்துவிடுங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் நெக் பிக்கப்பின் உலோக மூடி. மூடியிலிருந்து ஒரு குட்டி வயர் அதே பிக்கப்பின் கருப்பு வயர் முனைக்குப் போகும். பேரலலில் அந்த முனை கிரவுண்ட் என்பதால் சிக்கல் இல்லை. சீரிஸில் அது சிக்னல் பாதையாகிவிடும். மூடியில் கை பட்டாலே உறுமும். பிக்கப்பை வெளியே எடுத்து அந்தக் குட்டி வயரை கட்டரால் வெட்டுங்கள். அயர்னைக் கொண்டுபோகாதீர்கள்: தலைமுடியைவிட மெல்லிய காயில் கம்பி அதே முனையில்தான் பற்றவைக்கப்பட்டிருக்கிறது, சூட்டில் அறுந்தால் பிக்கப்பே போய்விடும். பிறகு மூடியில் தனி வயர் ஒன்றைப் பற்றவைத்து வால்யூம் பாட்டின் முதுகுக்கு (அதுதான் கிரவுண்ட்) கொண்டுபோங்கள்.

புஷ்-புல்லின் ஸ்விட்சில் ஆறு கால்கள், மூன்று மூன்றாக இரண்டு வரிசை. நமக்கு ஒரு வரிசை போதும். மல்டிமீட்டரை பீப்பில் (இணைப்பிருந்தால் ஒலிக்கும் நிலையில்) வைத்து, குமிழ் உள்ளே இருக்கும்போது நடுக்கால் எந்த ஓரக்காலோடு சேர்கிறது என்று பாருங்கள். தயாரிப்புக்குத் தயாரிப்பு இது மாறும். நெக்கின் கருப்பு வயர் நடுக்காலுக்கு. உள்ளே தள்ளியபோது சேரும் கால் கிரவுண்டுக்கு. இழுத்தபோது சேரும் காலிலிருந்து ஒரு வயர், பிரிட்ஜின் ஹாட் (சிக்னல்) வயர் நிற்கும் செலக்டர் காலுக்கு (செலக்டர் என்பது அந்த மூன்று நிலை ஸ்விட்ச்). பிரிட்ஜ் ஹாட்டை அங்கிருந்து எடுக்க வேண்டாம். டோன் கெபாசிட்டரையும் டோன் வயரையும் பழைய பாட்டில் இருந்தபடியே மாற்றுங்கள். ஒவ்வொரு காலிலும் இரண்டு மூன்று வினாடிக்கு மேல் அயர்ன் நிற்கக் கூடாது.

குமிழை இழுத்து செலக்டரை நெக்கில் வைத்தால் சீரிஸ். மற்ற இரண்டு நிலையிலும் பிரிட்ஜ் மட்டும் பேசும். எந்த நிலையிலும் கிட்டார் ஊமையாகாது என்பதே இந்த வயரிங்கின் நல்ல குணம்.

கிட்டாரின் இசைக் கம்பிகளைக் கட்டும் முன் கேபிள் செருகி, வால்யூமை முழுதாகத் திறந்து, மறுமுனை பிளக்கின் நுனிக்கும் உடலுக்கும் இடையே ஓம் பாருங்கள். பிக்கப் ஒவ்வொன்றும் 7 கே என்றால் தனியாக 6.8, பேரலலில் 3.4, சீரிஸில் 13.3 கே சுமாராக வரும். கணக்கு சற்றுக் குறைவது 250 கே வால்யூம் பாட் குறுக்கே இருப்பதால். சீரிஸில் 6.8 மட்டுமே வந்து, நடு நிலையில் பூஜ்யம் காட்டினால் மூடியின் குட்டி வயர் இன்னும் அறுபடவில்லை. 250 கே காட்டினால் எங்கோ ஒரு ஈயப்பற்று பிடிக்கவில்லை.

குமிழை உள்ளே தள்ளி நடு நிலையில் வாசிக்கும்போது ஒலி மூக்கடைத்ததுபோல் மெலிந்து வந்தால், இரண்டு பிக்கப்பும் எதிர் ஃபேஸில் இருக்கின்றன, அதாவது ஒன்றின் சிக்னலை மற்றது வெட்டுகிறது. நெக்கின் இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள். மூடியின் இணைப்பைப் பிரித்துவிட்டதால் இப்போது அது ஆபத்தில்லாத வேலை. சீரிஸ் ஒலி மட்டும் மந்தமாக இருந்தால் வயரிங்கைத் தொடாமல், பிரிட்ஜ் பிக்கப்பின் மூன்று திருகுகளையும் அரைச் சுற்று ஏற்றிப் பாருங்கள்.