விலைக் கழிவு போடுவதற்கு முன் ஒரு கணக்கு

கடை வாசலில் "10% கழிவு" என்று எழுதித் தொங்கவிட ஐந்து நிமிடம் போதும். அதற்கு முன் கொப்பியை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

மருதமுனைக் கைத்தறிச் சாரம் ஒன்றை 1,600 ரூபாய்க்கு எடுத்து, கல்முனைக் கடையில் 2,000க்கு விற்கிறீர்கள் என்று வைப்போம். இலாபம் 400. 10% குறைத்தால் விலை 1,800, மிஞ்சுவது 200. விலை பத்தில் ஒரு பங்குதான் இறங்கியது, இலாபம் பாதியாகிவிட்டது. வழமையாக 20 சாரம் போகிற கடையில் 40 போனால்தான் பழைய காசே கைக்கு வரும். "25% வைத்து விற்கிறன், 20% விட்டாலும் 5% மிஞ்சுந்தானே" என்று ஒரு கடைக்காரர் என்னிடம் சொன்னார். வைத்தது 1,600இல், விடுவது 2,000இல். 20% விட்டால் 1,600, அதாவது எடுத்த விலை. கரண்ட் பில்லும் பையன்களின் சம்பளமும் அப்புறம் சொந்தக் காசில்தான்.

சரி, கழிவே போடக் கூடாதா? போடுங்கள், ஆனால் ஓடாமல் கிடக்கும் சாமானுக்கு மட்டும். ஒரு வருடமாக ராக்கையில் மடிப்புக் கலையாமல் இருக்கும் சேலையை எடுத்த விலைக்கே தள்ளினாலும் நல்லது, முடங்கிய காசு திரும்பி அடுத்த சாமானுக்குப் போகும். பெரும்போக வேளாண்மை வெட்டு முடிந்து மாசி, பங்குனியில் சனத்தின் கையில் காசு புழங்கும், பின்னாலேயே சித்திரைப் புத்தாண்டும் வரும். அந்த நேரம் நன்றாக ஓடுகிற சாமானுக்குக் கழிவு போடுவது வீண். "வெட்டு முடியத் தாறன்" என்று கடனுக்குக் கேட்பவருக்குக் கடன் கொடுத்தால் கழிவு வேண்டாம், இரண்டையும் ஒரு கடை தாங்காது.

பலசரக்கு என்றால் சீனி, பருப்பு, கோதுமை மா விலை எல்லோருக்கும் மனப்பாடம். அவற்றில் இலாபத்தைக் குறைத்து வையுங்கள், அதைப் பார்த்துத்தான் உங்கள் கடை மலிவா இல்லையா என்று முடிவெடுப்பார்கள். சீப்பு, கிளிப் விலையை யாரும் நினைவில் வைப்பதில்லை, குறைத்த இலாபத்தை அவற்றில் எடுக்கலாம். ஆனால் பக்கெட்டில் அச்சடித்த விலைக்கு மேல் ஒரு ரூபாயும் எடுக்காதீர்கள், அது சட்டப்படி குற்றம்; பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்து யாரும் முறையிடலாம்.

விலையை ஏற்றி ஒட்டிவிட்டுக் குறைக்கும் வேலையும் வேண்டாம். புது ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி அடியில் இருப்பதைப் பார்க்கிற அக்காமாரை நான் நேரில் கண்டிருக்கிறேன், அப்படிப் பார்த்தவர் சேலையை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

கழிவு முடிந்த அன்றிரவே எத்தனை போனது, மொத்த இலாபம் எவ்வளவு என்று எழுதி, கழிவில்லாத அதேயளவு நாட்களின் கணக்குக்குப் பக்கத்தில் வையுங்கள்.