புற்றுநோயைப் பட்டினி போடுவதாக நினைத்துச் செய்யும் தவறுகள்

கீமோதெரபியில் இருப்பவருக்குச் சோறு, இட்லி, பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிடும் குடும்பங்கள் நிறைய. சர்க்கரை போகாவிட்டால் கட்டி சுருங்கிவிடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அக்கறையோடு செய்கிற இந்தக் காரியம் நோயாளியைத்தான் வாட்டுகிறது.

புற்றுச் செல்கள் குளுக்கோஸை அளவுக்கு மீறி எடுத்துக்கொள்வதை ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே காட்டிவிட்டார். உடலில் புற்று இருக்கும் இடத்தைக் காட்டும் பெட் ஸ்கேனும் அதை நம்பித்தான் எடுக்கப்படுகிறது. ஆனால் தட்டில் குறைத்தால் ரத்தத்தில் அந்த அளவுக்குக் குறையாது. கல்லீரல் தசைப் புரதத்தைக் கரைத்தாவது குளுக்கோஸ் தயாரித்து அனுப்பிவிடும். கட்டிக்குத் தீனி கிடைத்துக்கொண்டே இருக்கும். நோயாளியின் கையும் காலும் மெலியும். எடை மளமளவென்று இறங்கினால் அடுத்த கீமோவைத் தள்ளிப்போடவும் நேரலாம்.

உண்மையான பட்டினி வைத்தியம் எப்படி இருக்கும் என்பதற்கு அஸ்பராஜினேஸ் நல்ல சான்று. 1953இல் நியூயார்க்கில் ஜான் கிட் என்ற ஆய்வாளர், கினிப்பன்றியின் சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்) எலிகளின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயை அழிப்பதைக் கண்டார். அதிலிருந்த அஸ்பராஜினேஸ் நொதியே காரணம் என்பது பிற்பாடு தெரிந்தது. நல்ல செல்கள் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தைத் தாமே செய்துகொள்ளும். குழந்தைகளுக்கு வரும் லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயில் பெரும்பாலான புற்றுச் செல்களுக்கு அந்தத் திறன் போதாது. ரத்தத்தில் வருவதை நம்பியே பிழைக்கின்றன. மருந்து ரத்தத்திலிருக்கும் அஸ்பராஜினைச் சிதைத்துவிடுவதால் அவை மடிகின்றன. பத்தியம் இருந்து இதைச் சாதிக்க முடியாது, ஏனென்றால் உடலே அஸ்பராஜினைத் தயாரிக்கிறது.

விட்டமின் மாத்திரைகளை டாக்டரிடம் சொல்லாமல் விழுங்குவது அடுத்த தவறு. ரத்தப் புற்றுநோய்ச் செல்கள் பெருக போலிக் அமிலம் என்ற விட்டமின் தேவை. அதன் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரினை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்தபோது 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948இல் வெளியான முடிவு அது. மருந்தை உருவாக்கித் தந்தது, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவின் குழு. அதே வழியில் வந்த மெத்தோட்ரெக்சேட் மருந்தை இன்றும் கொடுக்கிறார்கள். அதிக அளவில் ஏற்றும்போது, நல்ல செல்களைக் காப்பாற்ற போலிக் அமிலத்தின் வேறொரு வடிவமான ஃபோலினிக் அமிலத்தை டாக்டர்களே மணிக்கணக்குப் பார்த்துக் கொடுப்பார்கள். அந்தக் கணக்கில் குறுக்கிட வீட்டில் இருக்கும் சத்து மாத்திரைக்கு இடமில்லை. கேப்சிடபின் என்ற புற்றுநோய் மாத்திரை சாப்பிடுபவர் போலிக் அமிலமும் சேர்த்தால் வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் கடுமையாகலாம்.

ஆய்வுக்கூடச் செய்தியை நம்பி உணவை மாற்றுவதும் வேண்டாம். குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தைப் புற்றுச் செல்கள் பயன்படுத்துவதைத் தடுக்கும் டெலாக்ளெனாஸ்டாட் மருந்து ஆய்வுக்கூடத்தில் நம்பிக்கை தந்தது. சிறுநீரகப் புற்றுநோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையிலோ கூடுதல் பலன் தரவில்லை. ஒரு வழி அடைபட்டால் வேறு வழியில் சத்தெடுக்கப் புற்றுச் செல்களுக்குத் தெரியும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதைக் கட்டுப்பாட்டில் வைக்கத்தான் வேண்டும். மற்றபடி, சிறுநீரகக் கோளாறு இல்லாதவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் தினமும் புரதம் போகட்டும்: முட்டை, மீன், பருப்பு, தயிர், எது இறங்குகிறதோ அது. வாரம் ஒருமுறை எடை பாருங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது சூரணம், லேகியம் உட்பட வீட்டில் சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று காட்டுங்கள்.